ஜெரார்ட் என்றால் வேல்

"1924 நவம்பர் 15, சனி. காலை, கடற்கரை. தலைமைக் கிராணி தம் மகனுக்கு அந்தியேட்டி செய்தார். மகன் நேற்று மாலை என்னோடு காப்பி குடித்தான்."

என் நாட்குறிப்பில் அன்றைக்கு இவ்வளவுதான் இருக்கிறது. மழை பெய்ததா, அஞ்சல் எத்தனை மணிக்கு வந்தது என்பதையெல்லாம் விடாமல் எழுதுகிறவன் நான். அந்தப் பக்கத்தின் மீதி வெறுமையாக இருக்கிறது. எழுத உட்கார்ந்து கை ஓடாமல் விளக்கை அணைத்தது நினைவிருக்கிறது.

ஜொகூர் பாருவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் நான் அப்போது இளநிலைக் கிராணி, அதாவது எழுத்தர். எங்கள் தலைமைக் கிராணி யாழ்ப்பாணத்தவர், சைவர், மனைவியை இழந்தவர். ஒரே மகன். அவன் ஸ்கூடாய்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசராக, காயம் கட்டி மருந்து கொடுக்கும் வேலை பார்த்தான். என்னைவிட நான்கைந்து வயது இளையவன். விடுமுறைக்கு டவுனுக்கு வந்தால் என்னைத் தேடி வராமல் போகமாட்டான்.

அந்தியேட்டி என்பது யாழ்ப்பாணத்துச் சைவர்கள் இறந்தவருக்கு முப்பத்தொன்றாம் நாள் செய்யும் கடன். "சனிக்கிழமை காலமை ஒரு அந்தியேட்டி இருக்கு, கடற்கரைக்கு வாரும்" என்று தலைமைக் கிராணி எங்களில் நாலு பேரிடம் சொன்னபோது, ஊரில் யாரோ உறவினர் தவறியிருப்பார் என்று நினைத்துக்கொண்டோம். யார் என்று கேட்கிற துணிவு எங்கள் அலுவலகத்தில் யாருக்கும் கிடையாது.

சிங்கப்பூரிலிருந்து ஓர் ஐயரை வரவழைத்திருந்தார். மணலில் தர்ப்பையால் ஆள் உருவம் ஒன்று செய்து கிடத்தியிருந்தார்கள். உடல் கிடைக்காமல் போனவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம் என்று எனக்குத் தெரியும். கடலில் போனவராக்கும் என்று மனத்துக்குள் ஒரு கதையே கட்டிவிட்டேன். ஐயர், "காலஞ்சென்றவர் பேர்?" என்றார். தலைமைக் கிராணி மகனுடைய பெயரைச் சொன்னார். கோப்பு எண் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

என் பக்கத்தில் நின்ற நண்பர், அலுவலகத்தில் எதற்கும் ஒரு கேலி வைத்திருப்பவர், என் முழங்கையைப் பிடித்தார். அந்தப் பிடி வலித்தது. உருவம் எரிந்தது. சாம்பலைக் கடலில் கரைத்தார்கள். புதிதாகத் திறந்திருந்த கடல்பாலத்தின்மேல் ரயில் ஒன்று புகைவிட்டுக்கொண்டு போனது. தலைமைக் கிராணி முழுகி எழுந்து, உடை மாற்றி, வழக்கமான நேரத்துக்கு அலுவலகம் வந்து, நிலுவைக் கடிதங்கள் எங்கே என்று கேட்டார்.

காரணம் மாலைக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. மகன் அக்டோபர் 16ஆம் தேதி கத்தோலிக்கக் கோயிலில் ஞானஸ்நானம் பெற்றிருந்தான். தம்போயில் இருந்த ஒரு தமிழ்க் கத்தோலிக்கத் தச்சரின் மகளைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக. தகப்பனார் அந்த நாளையே இறந்த நாளாகக் கணக்கிட்டு முப்பத்தொன்றாம் நாளைக் குறித்திருக்கிறார்.

ஜொகூரில் வெள்ளிதான் வார விடுமுறை. அடுத்த வெள்ளி நான்தான் அவனிடம் போய்ச் சொன்னேன். வேறு யாராவது சொல்லிக் கேட்பதைவிட அது நல்லது என்று பட்டது. முதலில் சிரித்தான். "பகிடி விடாதேங்கோ அண்ணை" என்றான். என் முகத்தைப் பார்த்துவிட்டு, மருந்துப் பெட்டிமேல் உட்கார்ந்தான்.

"எந்தப் பேரைச் சொன்னவர்?"

"உன் பேரைத்தான். பழைய பேரை."

"அப்ப அது போச்சு" என்றான்.

அந்தப் பழைய பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. அதற்குப் பிறகு அவனும் அதை எழுதியதில்லை. முருகனின் வேலைக் கையில் ஏந்தியவன் என்று அதற்குப் பொருள் என்பது மட்டும் போதும். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஜெரார்ட். அவன் தேர்ந்தெடுத்ததல்ல. அன்றைய நாளுக்குரிய புனிதரின் பெயரைப் பிரெஞ்சுக்காரப் பாதிரியார் வைத்தார். அந்தப் புனிதர் தென் இத்தாலியில் ஒரு தையற்காரரின் மகன், கர்ப்பிணிகளுக்குக் காவல் என்று கத்தோலிக்கர்கள் நம்புகிறவர். பெயருக்குப் பொருள் என்னவென்று பாதிரியாரிடம் ஒருமுறை கேட்டேன். "புனிதர் பெயர். வேறென்ன பொருள் வேண்டும்?" என்றார், நல்ல தமிழில்.

எனக்கு வேண்டியிருந்தது. ஊர்ப் பெயர், ஆற்றுப் பெயர், ஆட்பெயர் எதுவானாலும் எங்கிருந்து வந்தது என்று பார்த்துக் குறித்து வைப்பது என் பழைய வழக்கம். ஆனால் சிங்கப்பூர் நூலகத்தில் பெயர் அகராதி ஒன்றைப் பிரிக்க எனக்கு 1927 வரை வாய்க்கவில்லை. பிரித்த பக்கத்தில் விரல் அப்படியே நின்றுவிட்டது. வேறொரு புத்தகத்தையும் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அதிலும் அதுவே இருந்தது.

ஜெரார்ட் என்பது பழைய ஜெர்மானியப் பெயர். இரண்டு சொற்களின் சேர்க்கை. 'கேர்' என்றால் ஈட்டி. 'ஹார்ட்' என்றால் உறுதியான, திடமான. திடமான வேல் என்றோ, வேலில் உறுதியானவன் என்றோ எடுத்துக்கொள்ளலாம். அந்தப் பழங்கால ஜெர்மானியர்கள் போர், புகழ், ஓநாய், ஈட்டி என்று குறிப்பிட்ட சில சொற்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத்தான் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்தார்களாம். தகப்பன் பெயரில் பாதி, தாய்வழியில் பாதி என்றும் சேர்ப்பதுண்டு என்பதால், சேர்ந்த பெயருக்கு எப்போதும் முழுப்பொருள் பார்க்கக்கூடாது என்றும் ஒரு புத்தகம் எச்சரித்திருந்தது. ஜெர்மனியில் கெர்ஹார்ட். பிராங்கு இனத்தாரோடு பிரான்சுக்குப் போய் அங்கே மெலிந்து ஜெரார்ட் ஆனது. நார்மன்களோடு இங்கிலாந்துக்கு வந்து ஜெரால்ட் என்ற வேறொரு பெயரோடு குழம்பியது. அதுவும் ஈட்டிப் பெயர்தான், ஆனால் பின்பாதிக்கு ஆட்சி என்று பொருள். ஒல்லாந்தில் கெரித் ஆகி, ஒல்லாந்தரோடு, அதாவது டச்சுக்காரரோடு, கப்பலேறி இலங்கைக்கும் வந்திருக்கிறது.

பல்லாயிரம் மைலுக்கு அப்பால் எவனோ காட்டுக்குள் தன் பிள்ளைக்கு வைத்த பெயரும், யாழ்ப்பாணத்தில் ஒரு சைவர் தன் பிள்ளைக்கு வைத்த பெயரும் ஒரே ஆயுதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன. அதில் ஒன்றை எரித்துக் கடலில் கரைத்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். ரயிலில் திரும்பி வரும்போது கடல்பாலத்தில் கீழே தண்ணீரைப் பார்க்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

அலுவலக நண்பரிடம் சீனர் காப்பிக்கடையில் வைத்துச் சொன்னேன். ஆங்கிலத்தில் பூண்டுக்கு உள்ள சொல்லிலும் முன்பாதி அதே ஈட்டிதான், பூண்டின் வடிவத்தால் வந்தது என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

"அப்படின்னா எங்க வீட்டு ரசம் பூரா ஆயுதமா?" என்றார். பிறகு குவளையை வைத்துவிட்டு, "கிழவர்கிட்ட சொல்லிடாதீங்க. உங்களுக்கும் சேர்த்துப் பொம்மை செஞ்சிடுவாரு" என்றார்.

நானும் சொல்லவில்லை, 1928 தொடக்கம்வரை. அந்த ஆண்டு தலைமைக் கிராணி ஓய்வு பெற்றார். மார்ச்சில் ஊருக்கே போய்விடுவதாகக் கப்பல் பயணம் உறுதியாயிற்று. மகன் என்னைத் தேடி வந்தான். அதற்குள் அவனுக்கு ஒரு பெண் குழந்தை. அவன் தலையில் இரண்டொரு நரைகூட வந்துவிட்டது. மூன்று வருடத்துக்கு மேலாகத் தகப்பனாரைத் தெருவில் பார்த்தால் அவர் பார்வை இவனுக்கு ஊடாகப் பின்னால் இருக்கும் கடைப் பலகையைப் படிக்குமாம்.

"போனால் இனி வரமாட்டார் அண்ணை. என்னை வீட்டுக்குக் கூப்பிட வேண்டாம். பிள்ளையைத் தூக்க வேண்டாம். பேர் சொல்லி ஒருக்காக் கூப்பிட்டால் காணும். எந்தப் பேரெண்டாலும்."

அதைக் கேட்கத்தான் போனேன். தெப்ராவ் சாலையில் அவர் வாடகைக்கு இருந்த வீட்டில் பாதிப் பொருள் கட்டப்பட்டிருந்தது. கேட்டதைக் கேட்டேன். அவர் ஒரு பெட்டியைக் கட்டத் தொடங்கினார். வேறு வழி தெரியாமல் பெயரின் பொருளையும் சொன்னேன்.

"எந்தப் புத்தகம்?" என்றார்.

"ரெண்டு புத்தகத்துல பார்த்தேன் ஐயா."

"ரெண்டாவது முதலாவதைப் பார்த்து எழுதியிருக்கும்." சிறிது நேரம் பெட்டிக் கயிற்றை இழுத்துப் பார்த்தார். "ஒல்லாந்தனும் இந்தப் பேரை வைச்சிருந்தவனோ?"

"ஆமாங்க ஐயா. கெரித்னு."

"அவன் காலத்தில உத்தியோகம் வேணுமெண்டால் எங்கட ஆக்களுக்கு ஒரு கிறிஸ்தவ வேதப் பேர் வேணும். பதிவில ஒண்டு, வீட்டில ஒண்டு. அவன் கப்பல் ஏறினவுடன கழட்டி எறிஞ்ச பேர் அதெல்லாம். என்ர மோன் அதைப் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறான்."

இந்த மூன்று வருடத்தில் அவர் வாயிலிருந்து 'என்ர மோன்' என்று வந்தது அதுதான் முதல் தடவை. அவரும் அதைக் கவனித்திருக்கவேண்டும். குரலை மாற்றிக்கொண்டார்.

"தம்பி, கோபத்தில செய்தனான் எண்டு நினைக்கிறீரோ? ஓம், கோபத்தில தான். கோபம் அடுத்த மாசமே போயிட்டுது. ஆனால் மந்திரம் சொல்லிச் செய்தது செய்ததுதான். நான் செத்தவனோட கதைக்கேலாது. வந்தால் பேய் எண்டு தான் நான் நினைக்க வேணும். போயிட்டு வாரும்."

எழுந்து வெளியே வந்தவன் சாலையோரம் நின்றுவிட்டேன். அந்த மனிதர் கல்லாக இருந்தார் என்றுதான் நாங்கள் எல்லோரும் இத்தனை நாள் நினைத்திருந்தோம். தாம் செய்த சடங்குக்குள்ளேயே அகப்பட்டு, வெளியே வர வழி தெரியாமல் இருந்திருக்கிறார். நம்பிக்கை குறைந்த ஒருவர் என்றைக்கோ போய் மகன் வீட்டில் காப்பி குடித்திருப்பார்.

அடுத்த வாரம் அவரே ரிக்‌ஷாவில் என் அறைக்கு வந்தார். அவர் வந்ததே எனக்கு அதிர்ச்சி. நாற்காலியில் உட்காருமுன்பே பேச ஆரம்பித்தார்.

"சிங்கப்பூர் போய் ஐயரைக் கண்டனான். விதி ஒண்டு இருக்காம். செத்திட்டான் எண்டு கருமம் செய்யப்பட்டவன் உயிரோட வந்தால், அவன் திரும்பப் பிறக்க வேணும். பிறந்த பிள்ளைக்குச் செய்யிற எல்லாம் திரும்ப. முழுக்கு, பேர் வைக்கிறது, கிழக்குப் பார்க்க வைச்சுத் தகப்பன் மூண்டு தரம் காதில பேர் சொல்லுறது."

"அப்போ பழைய பேரையே வெச்சிடலாமே ஐயா?"

"விசர்க் கதை. அது நெருப்பில போனது. வேற பேர் வேணும். தகப்பன் தான் தேர வேணும். நான் தேர்ந்திட்டன்."

"என்ன பேர்?"

"நீர் சொன்ன பேர் தான்."

எனக்கு உடனே விளங்கவில்லை. விளங்கியபோது நான் நின்றுகொண்டிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று தெரியாது.

"ஐயா, அந்தப் பேர்தான் அவனுக்கு இப்பவே இருக்கே?"

"அது பாதிரி வைச்சது. இது நான் வைக்கிறது. வேல் எண்டு பொருள் இருந்தால் எந்தப் பாஷையெண்டாலும் எனக்குக் காரியமில்லை. போய்ச் சொல்லும். ஐயர் வர ஆயத்தம்."

அன்று மாலையே ஸ்கூடாய்க்குப் போனேன். தோட்ட ஆஸ்பத்திரிக்குப் பின்னால் டிரசர் வீடு. நான் சொல்லி முடித்ததும் அவன் கையிலிருந்த குழந்தையை மனைவியிடம் கொடுத்தான். உடனே கிளம்பப்போகிறான் என்று முதலில் நினைத்தேன்.

"ஏலாது அண்ணை. நான் ஒருக்காத் தண்ணீரில பிறந்திட்டன். அதை நான் விளையாட்டுக்குச் செய்யேல்லை, இவவுக்காக மட்டும் செய்யவும் இல்லை. ஐயருக்கு முன்னால முழுகி எழும்பினால் அது பொய்யெண்டு ஆகும். பாதிரியார் எனக்குப் பூசையில நற்கருணை தரமாட்டார். தந்தாலும் நான் வாங்கமாட்டன்."

தகப்பனுக்கும் மகனுக்கும் ஒரே பெயர்தான் வேண்டியிருந்தது. அதை வைக்கும் தண்ணீரில்தான் ஒருவர் மற்றவரை ஏற்க முடியவில்லை.

"அலமாக், அதே பேருக்கு ரெண்டு முழுக்கா?" என்று மலாய்க்காரி மாதிரி வியந்தாள் அவன் மனைவி, குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டே. "முழுக்கு வேணாம், ஐயரு வேணாம். காதுல பேரு சொல்றதுல என்னாங்க பாவம்? எங்கப்பா பட்டறையில இருந்து கத்துனா தம்போய் முழுக்க என் பேரு கேக்கும். அதுக்கெல்லாம் பாதிரி சாமியார் ஒண்ணும் சொன்னதில்ல."

அவன் யோசித்தான். "அதுக்குச் சம்மதம்" என்றான். "ஆனால் அப்பா சம்மதிக்கமாட்டார்."

சம்மதிக்கவில்லை. "ஐயரும் முழுக்கும் இல்லாமல் காதில சொன்னால் அதுக்குப் பேர் சடங்கில்லை, குசுகுசுப்பு" என்றார். பெட்டிகளுக்குப் பூட்டுப் போட்டுக்கொண்டே சொன்னார். அதற்குப் பிறகு நான் போய்ப் பேசவில்லை.

புறப்படும் நாளில் ஜொகூர் பாரு ரயில் நிலையத்துக்கு அலுவலகமே வந்திருந்தது. மாலைகள், எலுமிச்சம்பழங்கள். மேடையின் அந்தக் கோடியில், சரக்கு மூட்டைகளுக்குப் பக்கத்தில், மகன் மனைவியோடும் குழந்தையோடும் நின்றிருந்தான். நாங்கள் எல்லோரும் பார்த்தோம், பார்க்காததுபோல் இருந்தோம். "ரயில் போற வரைக்கும் நான் எதுவும் பேசமாட்டேன், எனக்கே பயமா இருக்கு" என்று நண்பர் என் காதில் சொன்னார்.

முதல் மணி அடித்தது. தலைமைக் கிராணி பெட்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டார். ஏறியவர் இறங்கினார். மாலைகளைக் கழற்றி இருக்கையில் வைத்துவிட்டு மேடையில் நடந்தார். என்னைக் கடக்கும்போது, "கிழக்கு எந்தப் பக்கம்?" என்றார். தெப்ராவ் பக்கம் கை நீட்டினேன்.

மகனுக்கு முன்னால் போய் நின்றார். தோளைப் பிடித்து அவனைக் கிழக்குப் பக்கம் திருப்பினார். தோளில் கிடந்த சால்வையை எடுத்து இரண்டு தலைக்குமாகப் போர்த்தார். சால்வைக்குள் அவர் தலை அவன் காதுப்பக்கம் மூன்று தரம் குனிந்ததைப் பார்த்தேன். பக்கத்தில் நின்ற மனைவி ஒரு கையால் குழந்தையின் வாயைப் பொத்தியிருந்தாள். எஞ்சினின் மூச்சு மட்டும் கேட்டது.

சால்வையை இழுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். குழந்தையை ஒரு கணம் பார்த்தார், தொடவில்லை. திரும்பி நடந்து பெட்டியில் ஏறினார். வண்டி கடல்பாலத்தை நோக்கி நகர்ந்தது. மகன் திருப்பி நிறுத்தப்பட்ட இடத்திலேயே, தண்டவாளத்துக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே பார்த்து நின்றான். வண்டி போன பிறகும் நின்றான். மனைவிதான் சட்டையைப் பிடித்து இழுத்துக் கூட்டிக்கொண்டு போனாள்.

அவன் கேட்டது கிடைத்தது. ஐயர் இல்லை, முழுக்கு இல்லை. தாமே குசுகுசுப்பு என்று ஒதுக்கியதை அந்த மனிதர் ரயில் நிலையத்தில் எல்லோர் கண்முன்னும் செய்தார்.

ஆனால் அவர் சொன்னது எந்தப் பெயர்?

தாமே எடுத்துச் சொன்ன விதிப்படியானால் ஜெரார்ட் என்றுதான் சொல்லியிருக்கவேண்டும். விதியை அங்கேயே மீறியவர் அதில் பாதியை மட்டும் ஏன் காப்பாற்றவேண்டும் என்று நண்பர் வாதாடினார். நெருப்பில் போட்ட பெயரைத்தான் திருப்பிக் கொடுத்தார் என்பது அவர் கட்சி. மகனிடம் நேராகவே கேட்டேன். "கூப்பிட்டவர் அண்ணை" என்றான். அதற்குமேல் ஒரு வார்த்தை இல்லை. அவன் மனைவியிடம் கேட்டேன். "என்கிட்டயே சொல்லல. கேட்டா எந்திரிச்சுப் போய் மருந்து பாட்டில தொடைக்கிறாரு" என்றாள்.

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு தபால் அட்டை வந்ததைக் காட்டினான். சுகமாய் வந்து சேர்ந்தது, மழை இல்லை, குழந்தைக்கு வேப்பெண்ணெய் தடவவும் என்று இருந்தது. முகவரியைத்தான் நான் முதலில் பார்த்தேன். டிரசர் அவர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரி, ஸ்கூடாய் என்றிருந்தது. பெயர் இல்லை. தலைமைக் கிராணி 1931இல் ஊரில் காலமானார். அதுவரை வந்த அட்டைகள் எல்லாவற்றிலும் அப்படியேதான்.

1928 மார்ச் மாதக் குறிப்பில் "காதில் மூன்று முறை பெயர் சொல்லப்பட்டது" என்று எழுதி, பெயருக்காக ஒரு சொல் அளவு இடம் விட்டிருக்கிறேன். சால்வைக்குள் இருந்த இருவரில் ஒருவர் இல்லை, மற்றவன் சொல்வதில்லை. எந்தப் பெயர் என்பது இதை எழுதும் இன்றுவரை உறுதி செய்யப்படவில்லை.